வெள்ளைப் பைச்சட்டை

பாயிஸா மாமியின் பெயரைக் கேட்டாலே எனக்கு நெஞ்சு எரியும். நாலு வருஷமாக அப்படித்தான். அவர் என் தங்கை றலியாவின் மாமியார். திகனயில் வீடு, வீட்டுக்கு முன்னால் மகன் தாஸிமின் ஹாட்வெயார் கடை. கட்டுகஸ்தோட்டையிலிருந்து நாங்கள் அங்கே போகும்போதெல்லாம், த்ரீவீலை ஓட்டிக்கொண்டே என் கணவர் முனாப் ஒரே பாட்டைத்தான் பாடுவார்.

"கைரியா, அங்க பெய்த்து வாயத் தொறக்காத."

"நான் எங்க தொறந்தேன்? தொறந்தீந்தா அந்த வீட்டுக் கூரை நிக்குமா?"

உண்மையைத்தான் சொன்னேன். பாயிஸா மாமியின் முகத்துக்கு நேரே நான் எதையும் கேட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் ஏசாத ஏச்சில்லை. முனாபிடம் ஏசினேன், பக்கத்து வீட்டு ஆட்களிடம் ஏசினேன், கண்டியில் நான் வேலை செய்யும் நூல்கடையில் பட்டன் வாங்க வந்தவர்களிடம்கூட ஏசியிருக்கிறேன். நேரே கேட்டால் என் தங்கை அந்த வீட்டில் குடியிருக்க வேண்டுமே என்ற ஒரே யோசனையில்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

காரணம் இல்லாமல் இல்லை. றலியாவின் முதல் பிள்ளை ஹபீல். இரண்டு மாதம்தான் எங்களோடு இருந்தான். எங்கள் உம்மா முன்பே மௌத்தாகிக் கண்ணை மூடியிருந்ததால் றலியா பிள்ளை பெற்றதும் மாமியார் வீட்டிலேயே தங்கினாள். அது நடந்த இரவு அவள் கணவன் தாஸிம் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தான். மாமி றலியாவுடைய அறையிலேயே பாய் போட்டுப் படுத்திருந்தார். டிசம்பர் மாதம், நல்ல பனி. விடிந்ததும் மாமி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாராம். பிள்ளை குளிர்ந்து கிடந்ததாம். "குளிருதேண்டு நான்தான் போத்திவுட்டேன், போர்வை மொகத்துல ஏறியீக்கி" என்று அவரே எல்லோரிடமும் சொன்னார். அவர் வாயால் சொன்னதுதான், நான் இட்டுக்கட்டிய கதையில்லை.

ஆஸ்பத்திரியில் இதுதான் காரணம் என்று யாரும் உறுதியாகச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும், "அல்லாஹ் தந்தான், அல்லாஹ் எடுத்தான்" என்றார்கள். அல்லாஹ்வின் நாட்டத்தை நான் மறுக்கிறவளில்லை. ஆனால் மனுஷர் செய்த வேலையை அவன் பெயரில் எழுதிவிட்டு உட்கார்ந்து பிளேன்டீ குடிப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. யாராவது ஒருவர், "ஏன் மாமி இப்படிச் செய்தீங்க?" என்று கேட்டார்களா? ஒருவரும் கேட்கவில்லை. றலியாவும் கேட்கவில்லை. அவள் மாமியின் தோளில்தான் சாய்ந்து கிடந்தாள். அதைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே, அதைச் சொல்லி முடியாது.

நாலு வருஷம் கழித்து றலியாவுக்கு ஹனா பிறந்தாள். நிறை குறைந்த பிள்ளை, என் கையளவுதான் இருந்தாள். கிளினிக்கில் மிட்வைப் மிஸ்ஸி என் முன்னால்தான் சொன்னார்: பிள்ளையைத் தனியாக, மல்லாக்க நிமிர்த்திப் படுக்க வையுங்கள், பக்கத்தில் தலையணை, போர்வை எதுவும் வேண்டாம். சரி, வேண்டாம். மறுபடியும் டிசம்பர் வருகிறதே, பிள்ளைக்குக் குளிராதா? குளிர்ந்தால் அந்த வீட்டில் யார் போர்வையைத் தூக்கிக்கொண்டு வருவார் என்று எனக்குத் தெரியாதா? எனக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் போனில் ஒரு வெளிநாட்டுக்காரி ஒரு சட்டையைப் பின்னிக் காட்டுவதைப் பார்த்தேன். மேலே கையில்லாத சட்டை, கீழே மூடிய பை. பிள்ளை அதை உடுத்திக்கொண்டே தூங்கும். காலை எவ்வளவு உதைத்தாலும் கழலாது, முகத்துக்கும் ஏறாது. பைச்சட்டை என்று நானே அதற்குப் பெயர் வைத்தேன். கடையில் இருந்ததிலேயே மெதுவான பருத்தி நூலை எடுத்தேன். அது வெள்ளை. கொக்கி ஊசியில் சின்னச் சின்னக் கண்ணாக, நெருக்கி நெருக்கிப் பின்னினேன். கண் பெரிதானால் பிள்ளையின் கால்விரல் மாட்டிக்கொள்ளும். கழுத்து தளர்ந்தால் பிள்ளை உள்ளே வழுகிவிடும், அப்புறம் போர்வைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கழுத்தை மட்டும் திரும்பத் திரும்ப அவிழ்த்துப் பின்னினேன். துணி மாற்ற லேசாக இருக்கட்டும் என்று காலடியைத் திறந்து வைத்து, ஓரத்தில் கயிறு கோத்தேன். இழுத்து ஒரு முடிச்சுப் போட்டால் பை மூடிக்கொள்ளும்.

முடித்ததும் முனாபிடம் விரித்துக் காட்டினேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"வேற கலர் கெடைக்கல்லயா?"

"எந்தக் கலர்ல பின்னினா ஒங்களுக்கு எனத்த? நீங்களா உடுத்தப் போறீங்க?"

மனுஷன் அதற்குமேல் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

ஹனா பிறந்த நாற்பதாம் நாள் விருந்துக்கு அதைக் கொண்டுபோனேன். வீடு நிறையப் பெண்கள். சாப்பாடு முடிந்து வட்டிலப்பம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைக்கு வந்த சாமான்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். கொலுசு, பிளாஸ்டிக் தொட்டி, பூப்போட்ட சட்டைகள். என்னுடையதைப் பாயிஸா மாமி எடுத்தார். இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். கீழே நான் அழகாகப் போட்டிருந்த முடிச்சு தொங்கியது. அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இது எனத்த கைரியா? கபனா?"

ஒரு மூலையிலிருந்து யாரோ "அஸ்தஃபிருல்லாஹ்" என்றார்கள்.

அவர் சொன்ன பிறகுதான் எனக்கும் தெரிந்தது. வெள்ளை. கையில்லை. கால் மூடியிருக்கிறது. மூடிய இடத்தில் முடிச்சு. எங்கள் ஊரில் ஒரு பெண் மௌத்தானால் மையத்தைக் குளிப்பாட்ட என்னையும் கூப்பிடுவார்கள். வெள்ளைக் கபன் துணியைச் சுற்றிக் காலடியில் அந்த முடிச்சை என் கையாலேயே எத்தனை தரம் போட்டிருக்கிறேன்! அந்தக் கைதான் இதையும் பின்னியது, எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. பிள்ளைக்கு மூச்சு முட்டக்கூடாது என்ற ஒரே பயத்தில் வேறெதுவும் என் கண்ணில் படவில்லை.

றலியா அதைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது. எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாமி பைச்சட்டையை மடித்து என் பைக்குள்ளேயே வைத்தார்.

"கொண்டு பெய்த்து வேற ஆருக்காச்சும் குடு. இந்த வூட்டுக்கு வாணாம்."

அத்தனை பேர் முன்னால்! தெரியாமல் ஒரு பிழை நடந்தால் தனியே கூப்பிட்டுச் சொல்ல முடியாதா? ஒரு பிள்ளைக்கு உண்மையான கபனை வரவழைத்தவருக்கு என்னுடைய நூலில்தான் கபன் தெரிகிறதா? வரும் வழியில் நான் கத்திய கத்தலில் முனாப் இரண்டு இடத்தில் பிரேக் போட்டார். கடைசியில் அவர், "நான் அண்டைக்கே கலர் கேட்டேனே" என்றார். "நிப்பாட்டுங்க, நான் நடந்து போறேன்" என்று இறங்கிவிட்டேன். கொஞ்சத் தூரம் நடந்தேன். வெயில் சுட்டது, புதுச் செருப்பு கடித்தது. அவர் பின்னாலேயே மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார். ஏறிக்கொண்டேன். ஆனால் வீடு வரும்வரை அவரோடு பேசவில்லை.

வீட்டுக்கு வந்து நூலின் கடைசி முனையைத் தேடி இழுத்தேன். பின்னுவதற்கு எத்தனை நாள், அவிழ்வதற்கு ஒரு பிளேன்டீ ஆறும் நேரம் போதும். எல்லாம் உருண்டையாகிவிட்டது. அதைக் கொண்டுபோய் ஒரு பக்கம் எறிந்துவிட்டு, மறுநாள் கடையிலிருந்து மஞ்சள் நூல் எடுத்து வந்தேன், நல்ல மாம்பழ மஞ்சள். விட்டுவிடுவேன் என்று நினைத்தாரா பாயிஸா மாமி? வெள்ளையில் ஒரு இழைகூட இல்லாமல் பின்னினேன். கயிறும் இல்லை, முடிச்சும் இல்லை. காலடியில் மடிப்பு வைத்து பட்டன் தைத்தேன். ஒவ்வொரு பட்டனையும் பல்லால் இழுத்துப் பார்த்தேன். இனி எந்தக் குறை சொல்லுவார், பார்க்கலாம்.

முனாபைக் கூட்டிக்கொண்டு சொல்லாமல் கொள்ளாமல் போனேன். காலை பத்து மணியிருக்கும். முன் கதவு திறந்திருந்தது. ஹாலில் கதிரையில் பாயிஸா மாமி தூங்கிக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. மடியில் ஹனா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மடியில் பச்சைப் பிள்ளையை வைத்துக்கொண்டு பட்டப்பகலில் குறட்டை! பிள்ளை நழுவி விழுந்தால்?

குசினியிலிருந்து வந்த றலியா என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டாள். ஸலாம் சொல்லிவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தேன்.

"இந்தா. மஞ்சள். முடிச்சில்ல. இதப் போட்டுப் படுக்க வை, போர்வையே தேவல்ல."

றலியா அதை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். அதற்குள் மாமி விழித்துக்கொண்டார். கண்கள் சிவந்திருந்தன. மஞ்சள் சட்டையைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"அதயே திரும்பக் கொண்டாந்தீக்கியா?"

"அது இல்ல மாமி, இது வேற. இதப் பாத்தா கபன் மாதிரியா ஈக்கி?"

"காலக் கட்டிப் போட்டா புள்ள எப்பிடி ஒதைக்கும்? கால் பலம் வராது."

"உள்ளுக்கு நெறைய எடம் ஈக்கி. கையப் போட்டுப் பாருங்க."

"எங்கட புள்ளைகளெல்லாம் இதுல படுத்தா வளந்திச்சி? றலியா, அத அலுமாரில வை. சாவிய எங்கிட்டத் தா."

சாவியாம்! ஒரு பிள்ளைச் சட்டையை அலுமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளப் போகிறாராம். கபன் என்றது சும்மா சாட்டு என்று அப்போது எனக்குத் தெளிவாகிவிட்டது. சட்டை எந்த நிறத்தில் இருந்தாலும் இவருக்கு ஆகாது. இந்தச் சட்டை தேவை என்று ஒத்துக்கொண்டால் போர்வைதான் ஹபீலைக் கொன்றது என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அதுதான் விஷயம். தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள இந்தப் பிள்ளையையும் பலிகொடுக்கப் பார்க்கிறார் என்று நினைத்தேன். நாலு வருஷமாக அடைத்து வைத்ததெல்லாம் தொண்டைக்கு வந்துவிட்டது.

"அலுமாரில வெக்க நான் பின்னல்ல மாமி! போர்வையப் போட்டு ஒரு புள்ளயக் கொன்டீங்க. அது போதாதா ஒங்களுக்கு? இதயும் கொல்லணுமா?"

வாசலில் நின்ற முனாப், "கைரியா!" என்று கத்தினார். ஹனா அதிர்ந்து அழத் தொடங்கினாள். முன்கடையில் இரும்பு வெட்டும் சத்தம்கூட நின்றுபோனது மாதிரி இருந்தது.

பாயிஸா மாமி பிள்ளையைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அழவில்லை, கோபப்படவும் இல்லை.

"ஓ. நான்தான் கொன்டேன். நாலு வருஷமா ஊரெல்லாம் செல்லித் திரியிற. இண்டைக்கி எனக்கிட்டயும் செல்லிட்டாய். சந்தோஷமா? இனிப் போ."

அவ்வளவு கல்நெஞ்சா என்று நான் மறுபடியும் வாயைத் திறந்தேன். அதற்குள் றலியா பேசினாள்.

"மாமி இல்ல ராத்தா."

"றலியா!" மாமி துடித்து எழப் பார்த்தார். மடியில் பிள்ளை இருந்ததால் முடியவில்லை. "வாயப் பொத்து. உள்ளுக்குப் போ. போ செல்றேன்!"

"போக மாட்டேன். எத்தன நாளைக்கி மாமி? அவ ஒங்க மூஞ்சிக்கி நேரே செல்றா, நான் உள்ளுக்குப் பெய்த்துக் குந்தவா?" றலியாவின் குரல் உயர்ந்துகொண்டே போனது. அவள் சத்தம் போட்டு நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. "நான்தான் போத்தினேன் ராத்தா. நான். புள்ளக்கிக் குளிருதேண்டு என்ட போர்வைய இழுத்து அவனுக்கும் சேத்துப் போத்தினேன். அப்பிடியே தூங்கிட்டேன். மாமி சுபஹு தொழ எழும்பித்தான் கண்டீக்கிறாங்க. போர்வைய எடுத்துட்டு, புள்ளயத் தூக்கிட்டு, என்ன எழுப்பினாங்க. எழுப்பி மொதல் செல்லின வார்த்தை எனத்தண்டு தெரியுமா? 'நான்தான் போத்தினேன். ஆரு கேட்டாலும் நீ வாயத் தொறக்காத. நீ இன்னம் புள்ள பெற ஈக்கிறவ, நான் கெழவி, எனக்கு ஏசினா ஏசட்டும்.'"

நான் மாமியைப் பார்த்தேன். றலியா நிறுத்தவில்லை.

"மாமி ஏன் சட்டைய வாணாண்டாங்க? அண்டைக்கி நீ கொண்டாந்தத நான் பாத்தேனே. இப்பிடி ஒண்டு ஈந்தீந்தா ஹபீல் ஈந்தீப்பானேண்டு வந்திச்சி. என்ட கைதானே, என்ட கைதானேண்டு உள்ளுக்குப் பெய்த்து அழுதேன். நான் அப்பிடி ஆவேண்டு தெரிஞ்சிதான் மாமி கண்டதும் கபனெண்டு செல்லித் திருப்பினாங்க. சட்டைல பிழையில்ல ராத்தா. நான் அதத் தெனமும் பாக்கக்கூடாதெண்டுதான்."

"அப்ப புள்ளக்கி…" என்றேன்.

"புள்ளக்கிப் போர்வையே இல்ல. ராவெல்லாம் மாமி இந்தக் கதிரையில குந்தி, மடியில வெச்சிக்கிட்டு, தன்ட மேல்சூட்டுல வெச்சீக்கிறாங்க. ஒரு கண்ணு மூடுறல்ல. விடிஞ்சி நான் எழும்பி வந்தாத்தான், அப்பவும் புள்ளய வுடாம, கொஞ்சம் தலையச் சாய்க்கிறாங்க. நாப்பது நாளுக்கு மேல இப்பிடித்தான். நெஞ்சு நோவுக்கு மருந்து குடிக்கிற மனிசி. அவங்க மௌத்தாப் பெய்த்தா நான் அந்தப் பாவத்தயும் சொமக்கணுமா?"

"போதும்டீ" என்றார் மாமி. அவருடைய குரல் உடைந்துவிட்டது. "நாலு வருஷமா மூடி வெச்சத இப்பிடிப் போட்டு ஒடைக்கிறியே. இனி ஒன்ன எல்லாரும் ஏசுவாங்களே, புள்ள."

றலியா அவரிடமிருந்து ஹனாவை வாங்கினாள். மஞ்சள் சட்டையை மேசையில் விரித்து, பிள்ளையை அதற்குள் படுக்க வைத்தாள். கழுத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தாள். கைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். கீழே பட்டனைப் பூட்டும்போது ஒவ்வொன்றும் தவறித் தவறிப் போனது. நான் உதவப் போனேன். என் கையைத் தட்டிவிட்டாள். கடைசிப் பட்டனையும் அவளே பூட்டினாள். பிள்ளையைத் தூக்கி வெறும் கட்டிலில் நிமிர்த்திப் படுக்க வைத்துவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"இப்ப எனக்கு ஏசு ராத்தா."

"எனத்த புள்ள செல்ற நீ?"

"நாலு வருஷமா மாமிக்கி ஏசினியே. கொலகாரிண்டாய், கல்நெஞ்சிண்டாய். எல்லாம் எனக்கு உள்ளது. ஏசு. ஒண்டும் விடாம ஏசு. நான் கேக்கணும்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். உம்மா போன பிறகு நான் தலைவாரிப் பவுடர் போட்டு விட்ட முகம். சின்ன வயதில் இருட்டில் கிணற்றடிக்குப் போகப் பயந்து என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வந்த பிள்ளை. ஏச ஒரு சொல் தேடித் தேடிப் பார்த்தேன். ஊரில் எனக்கு வாயாடி என்று பெயர். ஏசுவதற்கு ஒரு சொல்கூட வரவில்லை. "நீ சின்னப் புள்ள… களைப்புல… தெரிஞ்சா செஞ்சாய்? அல்லாஹ்வின்ட நாட்டம்…" என்று நான் முணுமுணுத்தது என் காதிலேயே விழுந்தது.

பாயிஸா மாமி கதிரையின் கையைப் பிடித்து மெல்ல எழுந்தார். தூக்கமில்லாத கண்களால் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நாலு வருஷத்தில் முதல் தடவையாக அவருக்குக் கோபம் வந்திருந்தது.

"பாத்தியா?" என்றார். "தங்கச்சிண்டா அல்லாஹ்வின்ட நாட்டம். நானெண்டா கொலை."

படுக்கப் போகிறேன் என்று றலியாவிடம் சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போனார்.